மாதம் முதலில், மலை அடுத்து: நெல்லைச் சீமை மலைகளில் நடப்பதற்குப் பருவம் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

மலை நடைக்குப் புதிதாக வருகிறவர்கள் திட்டமிடும் வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கைப்பேசியில் ஓர் அருவியின் படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். விடுமுறை எப்போது என்று பார்த்துத் தேதியைக் குறிக்கிறார்கள். பேருந்து ஏறுவதற்கு முதல் நாள்தான் அந்தத் தேதியில் அந்த இடத்தில் மழையா, வெயிலா, வழி திறந்திருக்குமா என்று விசாரிக்கிறார்கள். சோதனைச் சாவடியிலிருந்து திரும்பி வருவதற்கும், அட்டைக் கடியோடு பாதி வழியில் உட்கார்ந்துவிடுவதற்கும் இந்த வரிசைக் கோளாறே முதல் காரணம்.

பொதிகையை ஒட்டிய மலைகளில் மாதத்தை முதலில் முடிவு செய்து, அந்த மாதத்துக்குப் பொருந்தும் மலையை அதன் பிறகே தேட வேண்டும். ஒரே பாதை தையில் எளிய நடையாகவும், கார்த்திகையில் உயிருக்கு ஆபத்தாகவும், பங்குனியில் சட்டப்படி மூடப்பட்டதாகவும் இருக்கக்கூடும். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். தொடங்கும் முன் ஒரு நாட்காட்டியும் ஒரு நோட்டும் போதும். பை, காலணி, பயணச்சீட்டு எல்லாம் பிறகு.

1. மலையின் எந்தப் பக்கத்தில் நடக்கப் போகிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு நம்முடையது. மேற்குச் சரிவு கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது ஈரம் குறைந்து, வேகம் மட்டும் மிஞ்சிய காற்றாக வருகிறது. அதனால்தான் ஆடி மாதத்தில் திருநெல்வேலி சந்திப்பில் புழுதி பறந்துகொண்டிருக்கும்போதே முகட்டை ஒட்டிய காடுகள் நனைந்துகொண்டிருக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவக்காற்றோ வங்கக் கடலிலிருந்து வந்து நம் சரிவில் நேராக மோதுகிறது. நமக்கு அதுதான் பெரிய மழை.

இதிலும் வடக்கு, நடு, தெற்கு என்று வேறுபாடு உண்டு. வடக்கே குற்றாலம் ஆரியங்காவுக் கணவாயின் வாயில் இருப்பதால், கேரளத்தின் மழை அங்கே சாரலாகக் கசிந்து வருகிறது. நடுவில் உள்ள பாபநாசம், காரையாறு, மாஞ்சோலைப் பகுதியின் உயரமான இடங்கள் இரண்டு பருவத்திலும் நனைகின்றன. மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களில் சேரும். தெற்கே களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்து அடிவாரம் பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்பியிருக்கிறது. அதற்கும் தெற்கே பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆடியில் மழை இல்லாமல் காற்று மட்டும் வீசும். அங்கே நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி.

புதியவர்கள் செய்யும் பிழை, “தென்மேற்குப் பருவமழை தொடங்கியது” என்ற செய்தியைக் கேட்டுவிட்டு மலை முழுவதும் ஒரே மாதிரி நனையும் என்று எண்ணுவது. நோட்டில் மூன்று பத்தி கீறி, வடக்கு, நடு, தெற்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்வரும் படிகளில் அது பயன்படும்.

2. எதை விரும்பிப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுதல்

அருவி நிறையத் தண்ணீர் வேண்டுமா, தொலைவு வரை தெளிவான காட்சி வேண்டுமா, குளிர் வேண்டுமா, ஆளில்லாத அமைதி வேண்டுமா? இவற்றில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். நான்கும் சேர்ந்து கிடைக்கும் மாதம் இந்த மலையில் கிடையாது.

அருவி நிறைந்திருக்கும் நாட்களில் முகடு மேகத்துக்குள் இருக்கும். பத்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரியமாட்டார். காட்சி தெளியும் தையிலும் மாசியிலும் ஓடைகள் மெலியத் தொடங்கிவிடும். உடன் வருகிறவர்களையும் இந்தப் படியிலேயே கேட்டுவிட வேண்டும். அருவியில் குளிக்க வந்தவரும் முகடு ஏற வந்தவரும் ஒரே குழுவில் இருந்தால், மதியம் இரண்டு மணிக்கு இருவருக்கும் மனத்தாங்கல் வரும்.

3. ஆண்டைப் பருவங்களாகப் பிரித்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஆங்கில மாதத்தைவிடத் தமிழ் மாதம் இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது.

பொங்கல் கழிந்தது முதல் தை முடியும் வரை. என் தேர்வு எப்போதும் இதுதான். வடகிழக்கு மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மண்ணில் ஈரம் இருப்பதால் புல் பச்சையாக இருக்கும். ஓடைகளில் நீர் இருந்தாலும் கடக்க முடியும். காலையில் காட்சி தெளிவாக இருக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது சமவெளிக்காரர்களின் சொல். ஆயிரம் மீட்டருக்கு மேலே அதை எலும்பில் உணரலாம். பகல் வெயிலில் நடந்து வியர்த்த சட்டையோடு மாலையில் உட்கார்ந்தால் நடுக்கம் வந்துவிடும் என்பது ஒன்றே இந்தப் பருவத்தின் தொல்லை.

மாசி, பங்குனி. இலையுதிர் காடுகள் காய்ந்து, புல்மேடுகள் வைக்கோல் நிறத்துக்கு மாறும் காலம். இது காட்டுத் தீப் பருவம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் புல்வெளிச் சரிவில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக, அதுவும் சரிவில் மேல்நோக்கி இன்னும் வேகமாக ஏறும் என்பதால், முகட்டை நோக்கி ஓடித் தப்பிக்க இயலாது. அந்த ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கான விதிகளைக் கொண்டுவந்தது; 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வனத்துறையின் மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டன. இந்த இரண்டு மாதங்களை நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். உள்ளூர் ஆளைப் பிடித்துப் பின்வழியாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

சித்திரை, வைகாசி. பள்ளி விடுமுறை என்பதால் அதிகம் பேர் வரும் காலம், அதிகம் பேர் தவறாக மதிப்பிடும் காலமும் கூட. அடிவாரத்தில் கத்திரி வெயில் கொளுத்தும். உயரம் ஏற ஏற வெப்பம் ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பதால் மேலே இதமாக இருக்கும் என்று எண்ணிக் கிளம்புகிறார்கள்; ஆனால் அந்த உயரத்தை எட்டுவதற்குள் வெயில் ஆளை வறுத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து கோடை மழை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்களில் 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பருவமழை தொடங்கவே இல்லாத நேரம் அது. ஓடை காய்ந்து கிடக்கிறது என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல.

ஆனி முதல் ஆவணி வரை. குற்றாலத்தில் சீசன். சாரல், இளவெயில், அருவியில் நீர். நடைக்கு இதைவிட இனிய வானிலை இல்லை என்று படத்தில் தோன்றும். நடைமுறையில், சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு மலை நடைக்கென்று வருவது கல்யாண வீட்டுக்குப் போய்ப் புத்தகம் படிக்க இடம் தேடுவது போன்றது. கூட்டம் ஒரு பக்கம். நீர் பெருகும் நாட்களில் அருவிப் பக்கமே தடை விதிக்கப்படுவது மறுபக்கம். முகட்டை ஒட்டிய சோலைக்காடுகளில் அட்டை உச்சத்தில் இருக்கும் மாதங்களும் இவைதான். இந்தப் பருவத்தில் நடக்க விரும்புகிறவர் வடக்கை விட்டுவிட்டுத் தெற்கே திருக்குறுங்குடி, களக்காட்டு அடிவாரப் பாதைகளைப் பார்க்கலாம். அங்கே மழை குறைவு, காற்று உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையாறு பக்கம் மட்டும் வேண்டாம். சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாவுக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்கும் நேரம் அது. வழியிலும் பேருந்திலும் மலைநடைக்காரருக்கு இடமில்லை.

புரட்டாசி. யாரும் கவனிக்காத மாதம். தென்மேற்கு மழை விட்டு, வடகிழக்கு மழை தொடங்காத இடைவெளி. காடு பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது. மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, பதினொரு மணிக்குள் நடையை முடிக்கத் தயாராக இருப்பவருக்கு இது நல்ல மாதம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலை நம்பி கோயில் வழி நெரிசலாகும். வார நாளில் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லி வைத்தது நம் பக்கத்துக்கு மிகப் பொருந்தும். மார்கழியைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். டிசம்பர் என்றாலே குளிர்காலம், அரையாண்டு விடுமுறை, மலைக்கு ஏற்ற நேரம் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி நகருக்குள் வந்தது. நாட்காட்டியில் அது மார்கழியின் முதல் நாட்கள். பொங்கலுக்கு முன் மலைக்குத் தேதி குறிக்காமல் இருப்பதே நெல்லைப் பக்கத்துக்குச் சரியான விதி.

4. மாதத்துக்குப் பாதையைப் பொருத்துதல்

இப்போதுதான் இடத்தைத் தேட வேண்டும். இரண்டாம் படியில் எழுதிய ஒரு வரியையும் மூன்றாம் படியில் தேர்ந்த மாதத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

முதல் முறை நடப்பவர் திருக்குறுங்குடி மலை நம்பி கோயில் வழியில் தொடங்கலாம். ஏற்றம் உண்டு, நம்பியாறு கூட வரும், மக்கள் போய்வரும் பாதை என்பதால் வழி தவறும் அச்சம் குறைவு. பெரிய மழை நாட்களில் வனத்துறை இந்த வழியை நிறுத்திவிடும். காரையாற்றிலிருந்து மூலக்காசம் போகும் பாதையும், குற்றாலத்திலிருந்து செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பாதையும் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் பாதைகள். இவற்றில் முன்னதற்குத் தை மாதமும், பின்னதற்கு மழை ஓய்ந்து அருவி அடங்கிய நாட்களும் ஏற்றவை.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, குதிரைவெட்டி வரிசையில் மலைச் சாலை இருப்பதால் அது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த உயரத்தில் மூடுபனி இறங்கினால் சாலையின் ஓரமே தெரியாது. அங்கே தை மாதக் காலைகளுக்கு ஈடு இல்லை. ஐப்பசியில் போவதற்குக் காரணமே இல்லை.

பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1868 மீட்டர். ஏறும் வழி இப்போது கேரளத்தின் போனக்காட்டிலிருந்து. ஆண்டுதோறும் ஜனவரி நடுவிலோ அதற்குப் பின்னரோ தொடங்கிப் பிப்ரவரி அல்லது மார்ச் தொடக்கம் வரையே கேரள வனத்துறை அனுமதிக்கிறது. அதிருமலை முகாமில் தங்கி ஏறி இறங்க வேண்டிய நீண்ட நடை என்பதால், இதை முதல் நடையாக வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய ஆண்டுத் தையில் சிறு பாதைகளை முடித்தவர் அடுத்த ஆண்டுத் தையில் இதற்குப் போகலாம்.

மகேந்திரகிரியைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. சுற்றியுள்ளது புலிகள் காப்பகக் காடு. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

5. அனுமதியை வாங்குதல்

1988-இல் களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களை இணைத்து உருவானது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இந்த மலையில் நடக்கத் தகுந்த இடம் என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. ஆகவே அனுமதி இல்லாமல் நடப்பது அத்துமீறல். அபராதமும் வழக்கும் வரும்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் “ட்ரெக் தமிழ்நாடு” என்ற பெயரில் 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. வகையைப் பார்க்கும்போது அந்தப் பாதையின் பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். தையில் எளிதாக இருக்கும் பாதை மழை பெய்த மறுநாள் எளிதாக இருக்காது.

அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறையின் தளத்தில் முன்பதிவு. தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். மருத்துவச் சான்றும் கேட்கப்படுகிறது என்பதால் அதைக் கடைசி நேரத்துக்கு வைக்க வேண்டாம்.

அனுமதிக்கு முன் ரயில் சீட்டு எடுப்பது பொதுவான பிழை. விலங்குக் கணக்கெடுப்பு, மழை எச்சரிக்கை, தீ என ஏதாவது ஒரு காரணத்தால் காப்பகம் மூடப்படலாம். அனுமதி உறுதியான பிறகு சீட்டு எடுங்கள். திருநெல்வேலி–செங்கோட்டை வழியில் அம்பாசமுத்திரம் வரை ரயிலும், அங்கிருந்து பாபநாசத்துக்குப் பேருந்தும் கிடைப்பது கடினமல்ல.

6. உடலைப் பருவத்துக்குத் தயார் செய்தல்

நடைக்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். சமதரையில் எவ்வளவு நடந்தாலும் இறக்கத்துக்கு முழங்கால் தயாராகாது. ஊர்ப்பக்கத்தில் பொத்தை (சிறு பாறைக்குன்று) எதுவும் இருந்தால் வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். இல்லாதவர்கள் மாடிப்படியில் செய்யலாம். ஏறுவதைவிட இறங்குவதில் மெதுவாக இருங்கள், ஏனென்றால் தொடையின் முன்தசை வலுப்பெறுவது அதில்தான்.

கடைசி இரண்டு வாரம் முழுப் பையையும் சுமந்து, நடக்கப் போகும் நேரத்திலேயே பயிற்சி செய்யுங்கள். தை நடைக்கு அதிகாலைக் குளிரிலும், சித்திரை நடைக்குக் காலை ஒன்பது மணி வெயிலிலும் ஏறிப் பழகுவது உடலுக்கு அந்தக் குளிரையும் வெயிலையும் முன்கூட்டியே காட்டிவிடும். புதுக் காலணியை நடை நாளில் முதன்முறை போடுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருக்கிறார்கள். மதியத்துக்குள் அவர் குதிகாலில் கொப்புளம் எழும்பிவிடும்.

7. பருவத்துக்குத் தகுந்த பை கட்டுதல்

எல்லாப் பருவத்துக்கும் பொதுவானவை: டார்ச், விசில், முதலுதவிப் பொருள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கெட்டுப்போகாத கட்டுச்சோறு. புளியோதரை மாலை வரை தாங்கும். தயிர்ச்சோறு சித்திரையில் மதியமே புளித்துவிடும். இடையில் வாயில் போட்டுக்கொள்ளப் பொரிகடலையும் ஒரு துண்டு கருப்பட்டியும் போதும். பிளாஸ்டிக் பைகளையும் மதுவையும் பாபநாசம் சோதனைச் சாவடியில் சோதித்து எடுத்துவிடுவார்கள். துணிப் பையும் எவர்சில்வர் பாட்டிலும் கொண்டு போங்கள்.

தைக்குக் காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்றும் மாற்றுச் சட்டை ஒன்றும் சேருங்கள். நின்றவுடன் வியர்த்த சட்டையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுவது, கம்பளிச் சட்டையைவிட அதிகம் பயன் தரும். ஜீன்ஸ் எந்தப் பருவத்துக்கும் ஆகாது: வெயிலில் தொடை உரசும், மழையில் கனத்துக் காயாமல் கிடக்கும்.

கோடைக்குத் தண்ணீர்தான் பை. ஓர் ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் சுமக்க வேண்டும். ஓடையில் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இரண்டு லிட்டரோடு கிளம்புகிறவர்கள், வைகாசியில் அந்த ஓடை வெறும் கல்லாகக் கிடப்பதை அங்கே போய்த்தான் பார்க்கிறார்கள். மேலும், மிஞ்சியிருக்கும் நீர்நிலைக்கு யானையும் கரடியும் வரும். அங்கே நீர் பிடிக்க இறங்குவதே பிழை.

மழை மாதங்களுக்கு அட்டைக்கான ஏற்பாடு வேண்டும். ஈர இலைச் சருகில் காலை வைத்த நிமிடத்தில், சருகின் நுனியிலிருந்து ஒரு நூல் துண்டு எழுந்து நின்று நாலாபக்கமும் தலையைச் சுழற்றும். மூச்சின் சூட்டையும் தரையின் அதிர்வையும் கொண்டு ஆள் இருக்கும் திசையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு முன்னும் பின்னும் வளைந்து வளைந்து காலணியின் நாடா ஓட்டையைத் தேடி ஏறும். இதற்கு நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையே சரியான தடுப்பு. கல்லுப்பையும் புகையிலைத் தூளையும் துணியில் முடிந்து, நனைத்துக் காலுறையின் மேல் தடவுவதும் பலன் தரும். ஓடையில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் மறுபடி தடவ வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடித்த அட்டையைப் பிடுங்காதீர்கள். நகத்தின் நுனியை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது செலுத்தியிருக்கும் பொருளால் சிறிது நேரம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். நெருப்பு வைத்துச் சுடுவது வேண்டாம். அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம், காட்டில் தீயும் ஆகாது.

8. முந்தைய நான்கு நாட்கள் வானிலையைப் படித்தல்

கைப்பேசியில் “திருநெல்வேலி” என்று போட்டால் வருவது சமவெளியின் வானிலை. அதை வைத்து மலையை முடிவு செய்ய முடியாது. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையில் திருநெல்வேலி, தென்காசி இரண்டையும், கூடவே திருவனந்தபுரம் வானிலை மையத்தின் எச்சரிக்கையில் கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களையும் பாருங்கள். முகட்டின் அந்தப் பக்கம் மேகம் திரண்டால் அதன் விளிம்பு இந்தப் பக்கமும் பொழியும்.

மிகக் கனமழை என்ற சொல்லுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை என்று பொருள். அந்த எச்சரிக்கை நான்கில் எந்த மாவட்டத்துக்கு இருந்தாலும் நடையைத் தள்ளிவையுங்கள்.

நம் ஊரில் இன்னொரு நல்ல கருவி இருக்கிறது. நாளிதழில் தினமும் வரும் அணை நீர்மட்டப் பட்டியல். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. முழு உயரத்தைவிட முக்கியம், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடும் நீர்வரத்தும். நகரில் ஒரு துளிகூடப் பெய்யாமல் பாபநாசம் அணைக்கு வரத்து திடீரெனக் கூடியிருந்தால், மேலே காடு நனைந்துவிட்டது, ஓடைகள் பெருகியிருக்கின்றன, பாறைகள் வழுக்கும் என்று பொருள். நான்கு நாள் பட்டியலை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

9. நாளின் நேரத்தை மலைக்கு ஏற்ப வகுத்தல்

நம் பக்கம் மலை மேற்கே நிற்கிறது. இதனால் இரண்டு விளைவுகள். விடிந்தவுடன் சூரியன் சரிவில் நேராக அடிக்கும். மாலையில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். தை மாதத்தில் நகரில் ஆறு மணி தாண்டித்தான் சூரியன் மறையும்; முகட்டின் அடியில் உள்ள பள்ளத்தாக்கில் ஐந்து மணிக்கே நிழல் கவிந்துவிடும், சோலைக்குள் அதற்கும் முன்பே இருட்டும். நகரத்து நேரத்தை வைத்துத் திரும்பி வருவதைக் கணக்கிட்டவர்கள் டார்ச்சு வெளிச்சத்தில் வேரைத் தேடித் தேடி இறங்க நேரிடுகிறது. கரடியும் யானையும் நடமாடத் தொடங்கும் நேரமும் அதுவே.

ஆகவே, அனுமதி தரும் முதல் நேரத்திலேயே நடையைத் தொடங்கி, எங்கே இருந்தாலும் நண்பகலில் திரும்பிவிட வேண்டும். உச்சி அரை மணி நேரத் தொலைவில் தெரிந்தாலும் திரும்புவதுதான் திட்டம்.

சித்திரையிலும் புரட்டாசியிலும் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கட்டுகிறது. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் புல்மேட்டையும் தனி மரத்தையும் விட்டுத் தாழ்ந்த இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஆனால் ஓடைப் படுகையில் மட்டும் நிற்கக் கூடாது.

10. ஓடையைக் கடத்தல்

மேலே பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் வந்து சேரும். அதன் அறிகுறிகள் வரிசையாக வருகின்றன: தெளிந்த நீர் முதலில் லேசாகக் கலங்கும், பிறகு பச்சை இலையும் சிறு குச்சியும் மிதந்து வரும், ஓடையின் சத்தம் கனக்கும். முதல் அறிகுறியிலேயே கரையேறுங்கள். மூன்றாவது வரும்போது நேரம் மிச்சம் இருக்காது.

முழங்காலுக்கு மேல் நீர் ஓடினால் கடக்காதீர்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை உங்களை நீருக்குள் அழுத்தும். நீர் அமைதியாகத் தேங்கிய இடம் எளிது என்று இறங்காதீர்கள். தாமிரபரணியிலும் அதன் ஓடைகளிலும் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் கசமாக இருக்கும், ஆழம் மேலிருந்து தெரியாது. கல் தெரியும் அகலமான, ஆழமற்ற இடமே கடப்பதற்கு உரியது. பச்சையாகத் தெரியும் பாசியைவிட, வெயிலில் கறுத்துக் காய்ந்தது போலத் தெரியும் பாசி நனைந்தவுடன் அதிகம் வழுக்கும்.

போகும்போது கணுக்கால் அளவு இருந்த ஓடை திரும்பும்போது தொடை அளவு ஏறியிருந்தால், அந்தக் கரையிலேயே காத்திருங்கள். மேலே மழை விட்டால் இந்த ஓடைகள் சில மணி நேரத்தில் வடியும். வழிகாட்டியாக வரும் காணிக்காரர் (இந்த மலையின் பழங்குடியினர்) “பொறுங்க” என்றால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். அந்த ஓடையை எல்லா மாதத்திலும் பார்த்தவர் அவர்.

11. இறங்கிய பிறகு செய்ய வேண்டியவை

வீடு வந்ததும் முதலில் உடலைப் பாருங்கள். உலர்ந்த மாதங்களில் புல்மேட்டில் நடந்தவர்களுக்கு உண்ணி ஏறியிருக்கும். அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், முழங்காலின் மடிப்பு ஆகிய இடங்களில் ஒட்டியிருக்கும். இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்தெடுக்க வேண்டும். துணிகளை வீட்டுக்குள் கொண்டு வராமல் வெந்நீரில் ஊறவையுங்கள்.

ஐப்பசி முதல் மாசி வரையிலான ஈரமும் குளிரும் கலந்த மாதங்களில் புதர்க்காடுகளில் உள்ள சிறு பூச்சிக் கடியால் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் வருவது தமிழ்நாட்டில் புதிதல்ல. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு தோன்றலாம், வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை. நடை முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் போய், எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் நடந்தீர்கள் என்பதையும் அந்தப் பொருக்கு இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள்.